கோப்பு போய்ச் சேர்ந்ததா?

“டிஸ்க் போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க.” கம்ப்யூட்டர் கடைக்குப் போகும் வயதானவர்களுக்கு எழுதித் தரப்படும் மருந்துச் சீட்டு பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். படங்கள் மெதுவாக ஏறுகின்றன என்றாலும் இதே மருந்து, நடுவில் அறுந்துபோகிறது என்றாலும் இதே மருந்து. என் கருத்து இதற்கு நேர்மாறு. யுஎஸ்பி வழியாகக் கோப்புகள் நகர மறுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஸ்க்கை அல்ல. கேபிளை, அதைச் செருகிய துளையை, அதற்குக் கிடைக்கும் மின்சாரத்தைத்தான். டிஸ்க்கைக் கடைசியில் சந்தேகப்பட்டால் போதும்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் மேஜைக்கடியில் நின்ற பெரிய பெட்டி போய், உள்ளங்கை அளவு மினி பிசி வந்துவிட்டது. பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கிறார்கள். டிவிக்குப் பின்னால் மாட்டிவிடலாம், மின்சாரம் குறைவு, சத்தம் இல்லை. நல்ல பொருள்தான். ஆனால் அதில் சிடி போட வழியில்லை. உள்ளே இருக்கும் இடமும் பெரும்பாலும் 256 அல்லது 512 ஜிபிதான். ஆகவே பழைய கம்ப்யூட்டரில் இருந்த சொத்து முழுவதும் யுஎஸ்பி என்ற அந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும், வெளியே போகவேண்டும். வாசல் சரியில்லை என்றால் வீட்டில் எதுவும் நடக்காது.

சொத்து என்று சும்மா சொல்லவில்லை. புதுச்சேரியில் நம் தலைமுறைக்காரர்கள் ஸ்கேன் செய்து வைத்திருப்பவை என்னென்ன என்று எண்ணிப் பாருங்கள். எத்தா சிவில் பிறப்புப் பத்திரம், பாட்டன் காலத்துக் கல்யாணப் பத்திரம், பென்ஷன் கடிதங்கள், வீட்டுப் பத்திரம், கறுப்பு வெள்ளைப் படங்கள். கேசட்டிலிருந்து மாற்றிய குரல்கள் வேறு. பல வீடுகளில் அசல் காகிதம் கரையான் தின்று போய்விட்டது, கேசட் நாடா ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்த டிஸ்க்கில் இருப்பதே இன்று அசல்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா. அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது இல்லை. அவர் பேசிப் பதிவு செய்த கேசட்டுகளைப் பேரன் மாற்றி, கல்யாண வீடியோக்களோடு சேர்த்து ஒரு சின்ன ஹார்டு டிஸ்க்கில் வைத்துக் கொடுத்திருந்தான். மகன் அனுப்பிய மினி பிசியில் அதை ஏற்றப் பார்த்தால், பத்து நிமிடம் ஊர்ந்துவிட்டு டிஸ்க் காணாமல் போகிறது, மறுபடி வருகிறது, மறுபடி போகிறது. “அண்ணே, கடைக்காரத் தம்பி டிஸ்க்கே செத்துப்போச்சுன்னு சொல்லிட்டான். உள்ள இருக்கறத மீட்டுக் கொடுக்கத் தனியா காசு ஆகுமாம். அவரு குரல் போயிடுமா?” என்று கேட்டார்.

போய்ப் பார்த்தேன். டிஸ்க்கோடு வந்த குட்டைக் கேபிள் அலமாரியில் இருந்தது. மாட்டியிருந்தது வேறு ஏதோ நீளமான, மெல்லிய கேபிள். அதுவும் மினி பிசியில் நேரடியாக இல்லை, நான்கு துளை உள்ள ஒரு மலிவான ஹப்பில், கீபோர்டு, மவுஸ், செல்போன் சார்ஜர் எல்லாவற்றோடும் கூட்டுக் குடித்தனம். குட்டைக் கேபிளை எடுத்து, பெட்டியின் பின்பக்க நீலத் துளையில் நேரடியாகச் செருகினோம். டிஸ்க் ஒருமுறைகூட அறுந்து போகவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் ஏறிவிட்டது. செலவு ஒன்றுமில்லை. அந்தக் கடைக்காரத் தம்பி கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. கேபிளை மாற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும், அந்த இரண்டு நிமிடத்தை அவன் செலவழிக்கவில்லை. அவ்வளவுதான் என் புகார்.

இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான். பெட்டியில் 480 என்று எழுதியிருப்பார்கள், கம்ப்யூட்டர் 35 என்று காட்டும். ஏமாற்றிவிட்டார்களோ என்று தோன்றும். எழுதியிருப்பது பிட் கணக்கு, திரையில் காட்டுவது பைட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். பிரெஞ்சில் படித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது. அங்கே பைட்டை ‘ஒக்தே’ என்பார்கள். பெயரிலேயே எட்டு இருக்கிறது. ஆங்கிலத்திலோ சின்ன எழுத்து போட்டால் பிட், பெரிய எழுத்து போட்டால் பைட். கண்ணாடி போட்டும் தெரியாத இந்த வித்தியாசத்தில் எட்டு மடங்கு காணாமல் போகிறது.

2000-இல் வந்த யுஎஸ்பி 2.0-க்கு விநாடிக்கு 480 மெகாபிட். எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். வழிச்செலவு போகக் கையில் கிடைப்பது 30, 40 தான். 2008-இல் வந்த யுஎஸ்பி 3.0-க்கு 5 ஜிகாபிட், ஏறக்குறைய பத்து மடங்கு. அப்படியென்றால் எல்லாம் பறக்குமா? பறக்காது. உள்ளே தட்டு சுழலும் சின்ன ஹார்டு டிஸ்க்கே விநாடிக்கு 100 மெகாபைட்டைச் சுற்றித்தான் தரும். பிரெஞ்சில் இந்த வேகத்தை ‘தெபி’ என்கிறார்கள். ஆற்றில் ஓடும் நீரின் அளவுக்கும் அதே சொல்தான். பொருத்தமான சொல். குழாய் வரிசையில் எது மிகக் குறுகலோ அதுதான் தண்ணீரின் அளவை முடிவு செய்யும். டிஸ்க், கேபிள், ஹப், துளை, மறுபக்க டிஸ்க் என்ற வரிசையில் எது குறுகல் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. திரையில் 30, 40-ஐத் தாண்டவே மாட்டேன் என்று நின்றால், எங்கோ ஓரிடத்தில் 2.0 நுழைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

இந்த இடத்தில்தான் தயாரிப்பாளர்கள் மீது எனக்குக் கோபம். யுஎஸ்பி 1996-இல் வந்தபோது எல்லா வகை வயருக்கும் பதில் ஒரே வயர் என்ற நல்ல நோக்கம் இருந்தது. 2008-இல் 3.0 என்று பெயர் வைத்தார்கள். 2013-இல் 3.1 வந்ததும், பழைய 3.0-க்கே ‘3.1 ஜென் 1’ என்று பெயர் மாற்றினார்கள். 2017-இல் 3.2 வந்ததும் அதே பழையது ‘3.2 ஜென் 1’ ஆகிவிட்டது. பொருள் ஒன்று, வேகம் ஒன்று, பெயர் மூன்று. அரசு அலுவலகத்தில் ஒரே கோப்புக்கு மூன்று முறை எண் மாற்றினால் மெமோ வரும். இவர்களுக்கு மெமோ கொடுக்க ஆளில்லை. 3.2 என்ற எண்ணை நம்பி வாங்கியவர் கையில் 2008-ஆம் ஆண்டு வேகம்தான் இருக்கிறது என்பதை யார் சொல்வது? 2022-இல் ஒருவழியாக, 5, 10, 20, 40 என்று வேகத்தையே எழுதும் முத்திரைகளைக் கொண்டுவந்தார்கள். ஆனால் கடையில் கொத்தாகத் தொங்கும் கேபிள்களில் பெரும்பாலானவற்றில் இன்றும் ஒன்றும் எழுதியிருப்பதில்லை.

நீல நிறம் இருந்தால் 3.0 என்பார்கள். அது பொதுவான வழக்கம், கட்டாயமில்லை. கறுப்பிலும் வேகமான துளை உண்டு. இப்போது வரும் நீள்வட்ட டைப்-சி முனையைப் பார்த்து ‘இது புதுசு, வேகமாக இருக்கும்’ என்று நினைப்பவர்கள் அதிகம். டைப்-சி என்பது முனையின் வடிவம். வேகத்தின் பெயர் அல்ல. செல்போன் சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிள்கள் பலவற்றில் தரவு போகும் வேகம் 2.0 அளவுதான். மின்சாரம் ஏற்ற அது போதும், அதனால் அப்படிச் செய்கிறார்கள். அதைக் கொண்டு டிஸ்க்கை இணைத்தால் மாட்டுவண்டிப் பாதையில் காரை விட்டது போல.

இன்னொரு வேடிக்கை. பழைய சதுர யுஎஸ்பி முனையில் 2.0-க்கு நான்கு தொடுமுனைகள். 3.0-இல் மேலும் ஐந்து சேர்த்து ஒன்பது. புதிய ஐந்தும் சற்று உள்ளே இருக்கும். நம் கை நடுங்கி மெதுவாகச் செருகினால் முதல் நான்கும் முதலில் தொட்டு, ‘நான் 2.0’ என்று கம்ப்யூட்டரிடம் சில சமயம் பதிந்துவிடும். பிறகு முழுதாக உள்ளே தள்ளினாலும் 2.0-ஆகவே ஓடும். பிடுங்கி, ஒரே தள்ளாக, நேராகச் செருகினால் சரியாகிவிடும். மூட்டுவலிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

அறுந்துபோவதற்கு முக்கியக் காரணம் மின்சாரம். 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 துளை 900 தரும். தட்டு சுழலும் டிஸ்க் ஓடத் தொடங்கும் நொடியில் அதிகம் கேட்கும். அடாப்டர் இல்லாத ஹப்பில் நான்கு பேர் பங்கு போட்டால் அதற்குப் போதாது. நீளமான மெல்லிய கேபிளில் வழியிலேயே அழுத்தம் குறையும். மின்கம்பத்திலிருந்து கடைசி வீட்டில் பல்பு மங்கலாக எரியுமே, அதே கதை. அப்போது டிஸ்க் நின்று நின்று ஓடும், கம்ப்யூட்டர் அதைத் தொலைத்துவிட்டு மறுபடி கண்டுபிடிக்கும். ஹப் வேண்டுமென்றால் தனி அடாப்டர் உள்ளதாக வாங்குங்கள். விண்டோஸில் மின் சிக்கனத்துக்காக யுஎஸ்பியைத் தூங்க வைக்கும் ஒரு ஏற்பாடும் உண்டு, ‘செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்று பெயர். சில டிஸ்க்குகள் அந்தத் தூக்கத்திலிருந்து ஒழுங்காக எழுவதில்லை. பவர் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்திப் பார்க்கலாம்.

மினி பிசிக்கு என்றே ஒரு தொல்லை இருக்கிறது. துளைகள் ஒன்றோடொன்று ஒட்டி இருக்கும். டிஸ்க் வேலை செய்யும்போது வயர்லெஸ் மவுஸ் தத்தித் தத்தி நகர்கிறதா? மவுஸ் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் உண்டாகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஒரு அறிக்கையில் விளக்கியிருக்கிறது. மவுஸும் பழைய வகை வைஃபையும் பேசுவது அதே அலைவரிசையில். மவுஸின் குட்டி ரிசீவரை டிஸ்க்கிலிருந்து தள்ளி, முன்பக்கத்திலோ ஒரு 2.0 துளையிலோ போட்டால் தீர்ந்தது. மவுஸுக்கும் கீபோர்டுக்கும் 2.0 தாராளம்.

சில சமயம் எல்லாம் சரியாக இருந்தும் மெதுவாகப் போகும். ஒரே பெரிய வீடியோ வேகமாக ஏறும், அதே எடையுள்ள பத்தாயிரம் சின்னப் படங்கள் ஊரும். தபால் பிரிவில் இருந்தவர்களுக்கு இது புரியும். ஆயிரம் கடிதத்துக்கு ஆயிரம் பதிவு, ஒரு பார்சலுக்கு ஒரு பதிவு. ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், தேதி, இடம் எழுத வேண்டியிருக்கிறது. இது குறைபாடு அல்ல, வேலையின் இயல்பு. ‘ஜிப்’ செய்து ஒரே மூட்டையாகக் கட்டினால் சீக்கிரம் போகும்.

பென்டிரைவ் வேறு ரகம். பிரெஞ்சில் அதை ‘க்ளே’, அதாவது சாவி என்பார்கள். சாவியைப் போல வாங்கிப் போகத்தான் அது, பெட்டகம் அல்ல. முதல் சில ஜிபி வேகமாக ஏறும், உள்ளிருக்கும் தற்காலிக இடம் நிறைந்ததும் வேகம் சட்டென்று விழும். சூடாகும். மலிவு விலையில் 2 டிபி என்று எழுதி விற்பவற்றில் போலிகளும் உண்டு. உள்ளே கொஞ்சம்தான் இடம் இருக்கும், அது நிறைந்த பின் வருவதை ஏற்றுக்கொண்டது போலப் பாவனை செய்து தொலைத்துவிடும். விண்டோஸில் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’, லினக்ஸில் ‘எஃப்3’ என்று இலவசச் சோதனைக் கருவிகள் இருக்கின்றன. புதியதை வாங்கியதும், எதையும் அதில் வைக்கும் முன், பேரப்பிள்ளையை விட்டு ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். அதேபோல, கல்யாண வீடியோ மட்டும் ஏற மறுத்தால் காரணம் பெரும்பாலும் ஃபேட்32 என்ற பழைய அமைப்பு. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் ஏறும். ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது.

இதுவரை சொன்னது வேகத்தைப் பற்றி. என்னைக் கேட்டால் வேகம் இரண்டாம் பட்சம். ஓய்வு பெற்றவர்களுக்கு என்ன அவசரம்? ராத்திரி முழுக்க ஓடினாலும் ஓடட்டும். முக்கியமான கேள்வி, போய்ச் சேர்ந்ததா என்பது.

அலுவலகத்தில் ஒரு கோப்பு ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் போனால் பியூன் புக்கில் கையெழுத்து வாங்காமல் அது போனதாகக் கணக்கில்லை. அனுப்பியவன் ‘அனுப்பிவிட்டேன்’ என்று சொல்வது சாட்சி ஆகாது. பெற்றவன் கையெழுத்துதான் சாட்சி. கம்ப்யூட்டரில் இந்த ஒழுங்கு தலைகீழாக இருக்கிறது. பச்சைக் கோடு ஓடி முடிந்ததும் ‘முடிந்தது’ என்று சொல்வது அனுப்பியவன். பல சமயம், குறிப்பாக லினக்ஸில், தரவு இன்னும் நினைவகத்தில்தான் நிற்கும், டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்காது. அந்த நேரத்தில் பிடுங்கினால் கோப்பின் பெயர் இருக்கும், உள்ளே பாதி இருக்காது. விண்டோஸில் 2018-க்குப் பின் உடனே பிடுங்கலாம் என்ற வகையில் அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். இருந்தாலும் ‘இஜெக்ட்’ கொடுத்து, ‘எடுக்கலாம்’ என்று அது சொன்ன பின் எடுப்பதுதான் முறை. அதுதான் அந்தக் கையெழுத்து.

ஆகவே என் வீட்டில் சில விதிகள். எதையும் ‘கட்’ செய்து ஒட்டுவதில்லை, ‘காப்பி’ மட்டும்தான். வழியில் அறுந்தால் பழைய இடத்தில் அசல் முழுதாக இருக்கவேண்டும். முடிந்ததும் இரண்டு பக்கத்து ஃபோல்டரிலும் ப்ராப்பர்ட்டீஸ் பார்த்து, கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றுதானா என்று ஒப்பிடுவேன். டிஸ்க்கைப் பிடுங்கி, மறுபடி மாட்டி, நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் சிலவற்றைத் திறந்து பார்ப்பேன். மிக முக்கியமானவற்றுக்கு ‘ஹேஷ்’ எண் எடுத்து ஒப்பிடலாம். ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். இதற்கான ‘செர்ட்யூட்டில்’ விண்டோஸிலேயே இருக்கிறது. இவ்வளவும் முடியும் வரை பழைய டிஸ்க்கில் ஒன்றையும் அழிப்பதில்லை.

‘இவ்வளவு பாடு எதற்கு, எல்லாவற்றையும் கிளவுடில் போடுங்கள்’ என்பார்கள் பிள்ளைகள். போடட்டும், ஒரு பிரதியாக அது இருக்கட்டும். ஆனால் மாதாமாதம் காசு கட்டவேண்டும், பாஸ்வேர்டு நினைவிருக்க வேண்டும், நமக்குப் பின் அதைத் திறக்க யாருக்கு அனுமதி என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யவேண்டும். வீட்டு இணைப்பில் நூறு, இருநூறு ஜிபி மேலே ஏற்றுவது எத்தனை நாள் ஆகும் என்பதையும் பாருங்கள். கையில் இருக்கும் டிஸ்க்குக்கு இந்தக் கேள்விகள் இல்லை. ஒன்று வீட்டில், ஒன்று மகளின் வீட்டில் என்று இரண்டு இடத்தில் இருந்தால் எனக்கு நிம்மதி.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்குகள் சாகத்தான் செய்யும். நல்ல குட்டைக் கேபிளில், பின்பக்கத் துளையில், வேறொரு கம்ப்யூட்டரிலும் அதே தொல்லை என்றால், அல்லது உள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால், சோதனைகளை அங்கேயே நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப முயல்வது நோயாளியை ஓடச் சொல்வது போல. இன்னும் படிக்க முடிகிறது என்றால் உயிரான கோப்புகளை மட்டும் முதலில் எடுங்கள், வீடியோக்கள் பிறகு. படிக்கவே முடியவில்லை என்றால் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். என் வாதம் டிஸ்க் சாகாது என்பதல்ல. மரணச் சான்று எழுதும் முன் நாடி பார்க்கவேண்டும் என்பதுதான்.

தயாரிப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன்: ஒவ்வொரு துளையின் பக்கத்திலும் ஒவ்வொரு கேபிளின் மேலும் வேகத்தை எண்ணால் எழுதுங்கள், அதுவும் எழுபது வயதுக் கண்ணுக்குத் தெரியும் அளவில். கடைக்காரர்களிடம்: விலை சொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிள்ளைகளிடம்: மினி பிசி வாங்கி அனுப்பும்போது ஒரு நல்ல குட்டைக் கேபிளையும் சேர்த்து அனுப்புங்கள், எந்தத் துளை வேகமானது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

நம் வயதுக்காரர்களிடம்: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு, எத்தனை கோப்பு, எவ்வளவு ஜிபி, சரிபார்த்தாயிற்றா என்று ஐந்து கட்டம் போடுங்கள். கடைசிக் கட்டத்தில் உங்கள் கையெழுத்து விழாமல் பழையதை அழிக்காதீர்கள். நமக்குப் பின் அந்த டிஸ்க்கைத் திறக்கிறவர்களுக்கு அந்த நோட்டும் உதவும்.